கொக்கின் கையிலிருந்த கூட்டல் குறி

மின்கோபுரங்களில் ஏறிக் கம்பி இழுப்பவர்களுக்கு இரண்டு பெயர்கள். வீட்டில் வைத்தது வருகைப் பதிவேட்டோடு சரி. குழு வைத்ததுதான் நிலைக்கும். கோபுரத்தின் பக்கவாட்டில் நீளும் இரும்புக் குறுக்குக் கையில் ஒரு காலை ஊன்றி, மறுகாலை மடக்கிக்கொண்டு அரைமணி நேரம் அசையாமல் வேலை பார்ப்பான் என்பதால் இவனுக்குக் கொக்கு என்று பெயர்.

வயது முப்பத்தாறு. அறுபது மீட்டர் உயரத்தில் காற்று சுழற்றி அடிக்கும்போதும் பாட்டு முணுமுணுப்பான். ஊசியைக் கண்டால் மட்டும் தொடை நடுங்கும்.

பதினோரு வருடத்துக்கு முன் குழுவில் ஒருவர் கீழே விழுந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் அவருக்கு என்ன ரத்தம் என்று கூட இருந்த யாருக்கும் தெரியவில்லை. அதற்கடுத்த வாரமே மேஸ்திரி ஆறு பேரையும் பச்சை குத்தும் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனார். இடது முன்கையில் உள்பக்கம் அவரவர் ரத்த வகை. போவதற்கு முன் ரத்தம் சோதித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தார். கொக்கு சோதிக்கவில்லை. அண்ணனின் ரத்த வகை அட்டையைப் பார்த்து எழுதிக்கொண்டு போனான். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ரத்தம் மட்டும் வேறாகவா இருக்கும்?

ஒரு ஊசிக்குப் பயந்தவன் ஆயிரம் ஊசிக்குக் கை நீட்டினான். சோதனைக்குப் போகாததை யாரும் பார்க்கவில்லை. பச்சை குத்தும்போது ஐந்து பேர் சுற்றி நின்றார்கள். அழ முடியாது. வித்தியாசம் அவ்வளவுதான். பி என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் சுண்டுவிரல் நகமளவு ஒரு கூட்டல் குறியும் அவன் கையில் ஏறின.

இந்த வருடம் புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரி எல்லோருக்கும் ரத்தம் எடுக்க வைத்தார். கொக்குக்குப் பி நெகட்டிவ் என்று வந்தது.

"ஆஸ்பத்திரியில எப்படியும் சோதிச்சுத்தான் சார் ஏத்துவாங்க," என்றான் கொக்கு.

"சோதிப்பாங்க. ஆனா நீ விழுந்தா கீழ இருக்கிறவன் முதல்ல உன் கையப் பாத்துத்தான் போன்ல சொல்லுவான். பாசிட்டிவ் ரெடியா எடுத்து வெச்சிருப்பாங்க. அப்புறம் நெகட்டிவ்வுக்கு ஊரெல்லாம் அலையணும். அந்த ஒரு மணி நேரம் யாரு தருவா? இது கையில இருக்கிற வரைக்கும் நீ தரையிலதான்."

பத்து வாரத்தில் ஆற்றைக் கடக்கும் மின்பாதை வேலை ஆரம்பமாகிறது. இரு கரையிலும் ஒவ்வொன்றாக இரண்டு கோபுரங்கள். இந்தக் குழு இதுவரை ஏறியதிலேயே உயரமானவை. அதற்குள் கை சரியானால் பட்டியலில் பெயர் இருக்கும், இல்லாவிட்டால் வேறு ஆள் என்று மேஸ்திரி முகத்துக்கு நேராகவே சொன்னார். அதுவரை கொக்குக்குக் கீழே, கம்பி இழுக்கும் வின்ச் இயந்திரத்தின் பக்கத்தில் கயிறு சுற்றும் வேலை.

வின்ச்காரருக்குக் கொண்டாட்டம். "வாய்யா கொக்கு, வா. இங்க மீன் கிடைக்காது. கயிறு மட்டும்தான்."

பச்சையை அழிக்க வழி கேட்டால் வழி சொல்லாதவன் பாவி. வின்ச்காரர் கல்லுப்பு வைத்துத் தேய்க்கச் சொன்னார். மனைவி போனில் பார்த்து ஒரு கிரீம் வரவழைத்தாள். வெல்டர், தன் மாமா ஒருவர் ஆசிட்டால் அழித்துக்கொண்டதாகச் சத்தியம் செய்தார். மாமாவைக் காட்டு என்றதற்கு அவர் வெளியூர் என்றார்.

கோபுர வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கயிறானாலும் தரையிலேயே கொஞ்சம் இழுத்துச் சோதித்துவிட்டுத்தான் மேலே கொண்டு போவார்கள். கொக்கு இங்கேயும் அதையே செய்தான். மூன்று வழியையும் சின்ன இடத்தில் செய்து பார்ப்பது, எது வேலை செய்கிறதோ அதை மட்டும் கூட்டல் குறியில் பயன்படுத்துவது. குறிதான் முக்கியம், அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே சோதனையெல்லாம் பக்கத்திலிருந்த எழுத்தில்.

எழுத்தின் மேல்வயிற்றில் உப்பு. ஈரத் துணியில் கல்லுப்பை அள்ளி ஐந்து நிமிடம் தேய்த்ததில் தோல் உரிந்து நீர் கசிந்தது. பொருக்குத் தட்டி விழுந்தபின் பார்த்தால் மை அங்கேயே இருந்தது, கொஞ்சம் மங்கலாக. கீழ்வயிற்றில் கிரீம். இரண்டு வாரம், காலையும் மாலையும். தோல் சிவந்து அரித்தது. மைக்கு அது எதுவும் தெரியவில்லை. முதுகுக்கோட்டில் ஆசிட், தீக்குச்சி முனையில் தொட்டு ஒரே ஒரு சொட்டு. அன்று பத்து நிமிடம் குழாயடியில் கையை நீட்டிக்கொண்டு நின்றான். கொப்புளம் எழும்பி, உடைந்து, குழியானது. குழியின் ஓரத்திலும் கறுப்பு.

"இன்னும் எதையாவது தேடிட்டு வருவீங்களா?" என்றாள் மனைவி. "தீயில வாட்டலாம்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"நீதானே கிரீம் வாங்கின?"

"நான் வாங்கினது அரிச்சுது. நீங்க வாங்கினது ஓட்டை போட்டுடுச்சு. எது மேல்னு நீங்களே சொல்லுங்க."

நான்காவது வாரம் அவளே தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் விளக்கை இழுத்து வைத்துக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எது தப்புன்னு சொன்னீங்க?"

"கூட்டல் குறி, டாக்டர்."

"சரியா இருந்த எழுத்தை இப்படிக் குதறிட்டு, தப்பா இருந்ததைப் பத்திரமா வெச்சிருக்கீங்களே!"

கொக்கு குனிந்து கையைப் பார்த்தான். மூன்று வாரத்தில் அது அவனுக்குத் தோன்றவே இல்லை. மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழவில்லை.

டாக்டர் பொறுமையாகவே சொன்னார். மை மேல்தோலில் இல்லை, அதற்கு அடுத்த தோலில் இருக்கிறது. உப்பும் கிரீமும் அது வரை போகாது. போக வைத்தால் தோலும் கூடப் போய்விடும். ஆசிட்டுக்கு எங்கே நிற்பது என்று தெரியாது. லேசர் மையைப் பொடியாக்கும், உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக அதை எடுத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் ஆறேழு வாரம் இடைவெளி, ஆறு முதல் எட்டு முறை. ஏறக்குறைய ஒரு வருடம். கறுப்பு மை என்பதால் நன்றாகவே போகும், ஆனால் நிழல் மாதிரி கொஞ்சம் மிஞ்சலாம்.

"ஒரு வருஷமா?" என்றான் கொக்கு. "ஆறு வாரத்துல வேணும்."

"அப்ப வெட்டி எடுக்கலாம். குறி சின்னதுதான். நல்ல வேளை, அந்தத் தோலை நீங்க தொடலை. பன்னிரண்டு நாள்ல தையல் பிரிக்கலாம். அப்புறம் நாலு வாரம் கனமா எதையும் இழுக்கக் கூடாது. தழும்பு கண்டிப்பா இருக்கும்."

"நேர்க்கோட்டை மட்டும் எடுத்தா போதுமே, டாக்டர்? படுத்த கோடு சரியாத்தான் இருக்கு."

"எடுக்கலாம். அந்த இடத்துலயே நெட்டையா ஒரு தழும்பு வரும். மறுபடியும் கூட்டல் குறி மாதிரியே தெரியும். முழுசா எடுத்தா தழும்பு குறுக்கே படுத்துக்கும், தோல் அந்தப் பக்கம்தான் இழுக்கும்."

கொக்கு யோசித்தான். "படுத்துக்கிட்டா அது கழித்தல் குறி மாதிரி இருக்குமே?"

"இருக்கும். அதுக்காகச் செய்யலை. நீங்களும் அப்படிச் சொல்லிட்டுத் திரியாதீங்க. கழுத்துல ரத்த வகை எழுதின அட்டை போட்டுக்குங்க."

மனைவிக்கு லேசர்தான் பிடித்திருந்தது. ஒரு வருடம் தரையில் நின்றால் என்ன, குடியா முழுகிவிடும், வீட்டுக்கு முழு ஆளாக வருவீர்கள் என்றாள். வெளியே நாற்காலியில் உட்கார்ந்து இருவரும் பேசினார்கள். கயிறு சுற்றும்போது அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது, கழுத்து வலிக்கிறது என்றான் கொக்கு. அதற்குமேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் கொஞ்ச நேரம் அவன் கழுத்தைப் பார்த்தாள்.

"மரத்துப்போக ஊசி போடுவாங்க, தெரியும்ல?"

"தெரியும்."

"நான் உள்ள வரமாட்டேன். மானத்தைக் காப்பாத்திக்குங்க."

வந்தாள். ஊசி இறங்கும்போது அவன் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையலின் தடம் இரண்டு நாள் இருந்தது. வெட்டியது அவனுக்குத் தெரியவே இல்லை.

பத்தாவது வாரம் அதிகாரி அவன் கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குறி இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. பக்கத்தில் மேலே மங்கி, முதுகில் குழிந்து, கீழே மட்டும் முழுதாக ஒரு எழுத்து.

"இது என்ன?"

"சோதிச்சுப் பாத்தேன் சார்."

அதிகாரி கழுத்து அட்டையையும் சோதனைத் தாளையும் ஒப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மேஸ்திரி அவனைக் கோபுரத்தின் உச்சிக் கைக்கு அனுப்பவில்லை. அங்கே இளையவன் ஒருவன் ஏற்கெனவே ஏறியிருந்தான். நடுக் கை கொக்குக்கு. அவன் இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு ஏறினான். ஆறு கீழே மெல்லிசாக ஆனது. வின்ச்காரர் தலை ஒரு புள்ளியானது. கம்பி வந்து சேர்ந்தபோது இடது கையை நீட்டினான். தழும்பைச் சுற்றித் தோல் விறைத்தது. ஒரு கணம் நிறுத்தினான்.

கீழேயிருந்து வாக்கி டாக்கியில் மேஸ்திரியின் குரல் வந்தது. "என்னடா, கை இழுக்குதா?"

"இழுக்குது அண்ணே."

"இறங்கிடறியா?"

"இழுக்குதுன்னுதானே சொன்னேன்," என்று சொல்லிவிட்டுக் கொக்கு வலது காலை மடக்கினான்.