போயிட்டு வாறேன்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் மாதங்கி இன்றுவரை டாலிகஞ்ச் ஸ்டுடியோக்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அவள் குடியிருக்கும் டாக்குரியாவில் அவளை அறிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். 2001-இல், பட்டப்பகலில், அவளுக்கு நடந்தது இது.

குழந்தைகளுக்கான பொம்மலாட்டத் தொடர் ஒன்று டிவிக்காகத் தயாராகிக்கொண்டிருந்தது. ஒரே மாடிக் கட்டடத்தில் குடியிருக்கும் வங்காளி, பஞ்சாபி, சீனர், தமிழர் வீட்டுப் பிள்ளைகள். எல்லாமே கைப்பொம்மைகள். தமிழ்ப் பெண்ணின் பெயர் சின்னி. அதை ஆட்டிக் குரல் கொடுக்க மாதங்கியைக் கூப்பிட்டிருந்தார்கள். உடனே ஒப்புக்கொண்டாள். நாலு வயது மகள் பூர்ணிமாவுக்கு வாயைத் திறந்தால் வங்காளிதான் வரும். டிவியிலாவது தமிழைக் கேட்டால் பேச மாட்டாளா என்ற ஆசை.

ஒத்திகைக்கு முந்தின நாள் தனியாகப் பழகிப் பார்க்க மகளோடு ஸ்டுடியோவுக்குப் போனாள். காவலுக்கு இருந்த தர்வான் பூட்டைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். ஜன்னலே இல்லாத கூடம். ஒற்றை பல்பு. செட்டின் மதில்மேல் சின்னி உட்கார்ந்திருந்தது. பச்சைப் பாவாடை, ரெட்டைப் பின்னல். எடுத்தபோது லேசாகப் புகை வாசனை.

பூர்ணிமாவை எதிரே பிரம்பு மோடாவில் உட்காரவைத்தாள்.

"சின்னி பேசுவா. சமத்தா கேட்டுண்டு இரு."

"ஆச்சா, மா." வங்காளியில்தான் சரி என்றாள்.

மதிலுக்குப் பின்னால் மண்டியிட்டு, கையைத் தலைக்குமேல் தூக்கினாள். ஆட்டுபவருக்குப் பொம்மை தெரியாது. பலகை இடுக்கில் மகளின் முகம் மட்டும் தெரிந்தது.

பொம்மைக்குள் வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ கையை எடுத்த மாதிரி...

கடைசி வசனத்தைச் சொல்லிப் பார்த்தாள். நிகழ்ச்சியின் முடிவில் ஒவ்வொரு பொம்மையும் தன் பாஷையில் விடைபெறும்.

"போயிட்டு வரேன்!"

பூர்ணிமா கைதட்டினாள்.

வேர்வையைத் துடைக்கக் கையை இறக்கினாள். கை வந்தது.

பொம்மை வரவில்லை.

எங்காவது மாட்டியிருக்கும்... இடுக்கில் பார்த்தாள். பூர்ணிமா மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தலையாட்டினாள். காதைச் சாய்த்து எதையோ கேட்டாள்.

மாதங்கி பேசவே இல்லை.

கையைத் தூக்கித் துழாவினாள். துணி தட்டுப்பட்டது. உள்ளே விட்டாள்.

உள்ளே விரல்கள் இருந்தன.

கரண்ட் போயிற்று.

கும்மிருட்டு. கிரீச்... மோடா நகர்ந்தது. டப்... டப்... சின்னக் கால்கள்.

"பூர்ணி!"

"வாறேன்."

அம்மாவுக்குச் சொன்ன பதில் இல்லை அது.

தவழ்ந்து போய்ப் பிடித்தாள். பூர்ணிமாவின் ஒரு கை மேலே தூக்கியிருந்தது. இழுத்தாள். அந்தப் பக்கமும் இழுத்தது.

பிறகு விட்டுவிட்டது.

வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். பின்னால் திரும்பிக் குழந்தை கையாட்டியது.

"போயிட்டு வாறேன்!"

வெளியே சுள்ளென்று வெயில். ரிக்‌ஷா மணி. அங்கே நின்றபோதுதான் உறைத்தது. அவர்கள் வீட்டில் கும்பகோணத்துப் பேச்சு. 'வரேன்' என்பார்கள். 'வாறேன்' என்று இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

சாயங்காலம் டைரக்டர் தபதியின் போன்.

"ஸாரி, சொல்ல மறந்துட்டேன். வீணா அலைஞ்சிருப்பே. புதுச் சின்னி நாளைக்குத்தான் வருது."

"இன்னிக்கு அங்கே இருந்ததே..."

"பழசா? அது ஏது? உனக்கு முன்னாடி சின்னியை ஆட்டினது நீலாவதின்னு ஒருத்தர். ஒத்திகையிலேயே, தூக்கின கையோட சாஞ்சுட்டார். விரல் விறைச்சுப்போச்சு, பொம்மையைக் கழட்டவே முடியலை. அதோடதான் கேவ்ராதலா சுடுகாட்டுல எரிச்சோம்."



"அவர்... எந்த ஊர்?"

"திருநெல்வேலி. ஏன்?"

போனை வைத்தாள். பூர்ணிமா வாசல் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது 'போறேன்' என்று நம்மில் யாரும் சொல்வதில்லை. வருகிறேன் என்றால், திரும்பி வருவதாக வாக்கு. அந்த வாக்கைக் குழந்தை கொடுத்துவிட்டு வந்திருந்தது.

மாதங்கி அவள்முன் மண்டியிட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக, மகள் அந்தச் சொல்லக் கூடாத வார்த்தையைச் சொல்ல வேண்டுமென்று கெஞ்சினாள்.

"சின்னிகிட்ட 'போறேன்'னு சொல்லிடுடி. ஒரே ஒரு தடவை. 'போறேன்'னு..."

பூர்ணிமா மெல்லத் திரும்பினாள். அம்மாவின் கன்னத்தைத் தடவினாள்.

"ஏட்டி... அப்படிச் சொல்லக் கூடாதுல்லா?"