ஓடை வழிவிடாத நாள்

கொடைக்கானல் மலையில், பஸ் வராத போளூரில் நான் பள்ளி ஆசிரியராக இருந்தபோது நடந்தது இது. என் மனைவி மேரிக்கு நாள் இருக்கும்போதே பிரசவ வலி எடுத்துவிட்டது. ஊர்க்காரர்கள் நால்வர் அவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். நானும் கூடவே ஓடினேன்.

பாதி வழியில், கொட்டிய மழையில் ஓடை கரைபுரண்டு ஓடியது.

"சார், இதுல எறங்குனா எல்லாரும் போயிருவோம்" என்றார் முன்னால் தூக்கி வந்தவர்.

"ஆண்டவரே, தண்ணீரை வடியச் செய்யும்" என்று மழையில் மண்டியிட்டு அழுதேன். தண்ணீர் ஏறிக்கொண்டேதான் இருந்தது. வேறு வழியின்றிப் பக்கத்து உருளைக்கிழங்குத் தோட்டத்துக் குடிசையில் மேரியை இறக்கினோம். "நீங்க வெளிய நில்லுங்க" என்று, பிரசவம் பார்த்துப் பழகிய தோட்டக்கார அம்மாள் கதவைச் சாத்திவிட்டார். உள்ளே மேரி அலறினாள். என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. ஜெபம்கூட வாயில் வரவில்லை.

சாயங்காலம்தான் கதவு திறந்தது.

"பொம்பளப் புள்ள பொறந்திருக்குங்க. கழுத்துல தொப்புள்கொடி சுத்திக் கெடந்துச்சு, எடுத்துவிட்டேன். ஓடையத் தாண்டிப் போயி நடுவழியில பொறந்திருந்தா தப்பியிருக்காது" என்றார் அந்த அம்மாள்.

அடுத்த பிரசவத்துக்கு மேரியை ஒரு மாதம் முன்னதாகவே கொடைக்கானலில் கொண்டுபோய் விட்டேன். ஆனால், ஜெபிக்கும்போது ஆண்டவருக்கு நான் இப்போது வழி சொல்லிக் கொடுப்பதில்லை. கூட இரும் என்று மட்டும் கேட்கிறேன்.