மலையில்லாத புஷ்பமலர்

நியூசிலாந்தின் நியூ லின் சிறுவர் பள்ளியில் புஷ்பமலருக்கு வேலை பிடித்துத்தான் இருந்தது. தொண்ணூற்றாறில் புதுப் பாடத்திட்டம் வந்தது, கூடவே சிக்கலும் வந்தது. இனி அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் மொழியும் வழக்கமும் நாள் முழுக்க வகுப்பில் இருக்கவேண்டும். பாட்டு, நிறங்கள், எண்கள் எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பெற்றோர் கூடும் காலையில் ஒவ்வோர் ஆசிரியையும் எழுந்து மாவோரியில் தன்னை அறிமுகம் செய்யவேண்டுமாம். அவர்கள் வழக்கப்படி முதலில் தன் முன்னோரின் மலை, பிறகு ஆறு, பெயர் கடைசியில்தான்.

யாழ்ப்பாணத்துக்காரி மலைக்கு எங்கே போவாள்? அவளுடைய ஊரான இளவாலையில் ஒரு மேட்டைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

“சிவனொளிபாதமலை எண்டு சொல்லுமன். ஆருக்குத் தெரியப்போகுது?” என்றான் கணவன் டெஸ்மன்.

ஒத்திகையில் அப்படியே சொன்னாள். கூட வேலைசெய்த மாவோரி ஆசிரியை ஹினேக்கு முகமெல்லாம் சிரிப்பு. “உன் ஆட்கள் அதன் அடியிலா இருந்தார்கள்?” என்று ஆசையாகக் கேட்டாள். இலங்கையின் தெற்கே எங்கோ இருக்கும், அவள் படத்தில் மட்டும் பார்த்த மலை! புஷ்பமலருக்கு ஊரார் பாட்டனைத் தன் பாட்டன் என்று சொல்லிவிட்டதுபோலக் கூசியது. இப்படிப் பொய் சொல்கிறவள் இந்தப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய மொழியை எந்த முகத்தோடு சொல்லிக்கொடுப்பது? வேலையை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

“நான் அந்த மலையைச் சொல்லமாட்டன்,” என்றாள் டெஸ்மனிடம்.

“அப்ப என்னத்தைச் சொல்லப்போறீர்?”

“இல்லை எண்டுதான்.”

அந்தக் காலை வந்தது. பெற்றோர் சுவரோரம் நின்றார்கள். மெரே என்ற குட்டியின் தகப்பன் ராவிரி மாவோரிக்காரர்; ஆனால் என்றும்போல வாசலைத் தாண்டவில்லை.

புஷ்பமலர் எழுந்தாள். “எனக்கு மலை இல்லை,” என்று மாவோரியில் தொடங்கினாள். “எங்கள் ஊர் தட்டை. ஆறும் மழைக்கு மட்டும்தான் ஓடும். கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தேன். சண்டையில் ஊரை விட்டு வந்தேன். என் பெயர் புஷ்பமலர்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. ஹினே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாசலில் நின்ற ராவிரி மெல்ல உள்ளே வந்தார். “என் மலை எது என்று எனக்கும் தெரியாது,” என்றார் ஆங்கிலத்தில். அவருடைய தகப்பன் சிறுவயதிலேயே நகரத்துக்கு வந்தவராம், ஊர்க் கதையைச் சொல்லாமலே போய்விட்டாராம். அதைக் கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில்தான் மனிதர் இத்தனை நாளும் வாசலோடு நின்றிருக்கிறார். பிறகு தட்டுத்தடுமாறி, மாவோரியில், தன் பெயரை மட்டும் சொன்னார்.

மெரே தகப்பனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அந்த மொழியில் பேசி அவள் கேட்டதே இல்லை.