ரெகுலேட்டருக்குத் தோல் சட்டை

இன்று காலை லாரியில் சத்தத்தைக் கூட்டி வைத்தேன், ரேடியோ ஊமையாகிவிட்டது. மச்சானிடம் இரவல் வாங்கிய டிரான்சிஸ்டர் ரேடியோ.

ரேடியோவையும், லாரி பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டை அதற்கு ஆறாக இறக்கிக் கொடுக்கும் ரெகுலேட்டர் பெட்டியையும் எடுத்துக்கொண்டு பேகம்பூர் ரேடியோ கடைக்கு ஓடினேன்.

கடைக்கார பாய் கேட்டார்: "ஆறு ரேடியோவுக்குப் போகுது. மிச்ச ஆறு எங்க போகும்?"

"பேட்டரிக்கே திரும்பிரும்ல?"

"சூடா மாறிரும் அப்பு! அம்புட்டுச் சூட்டையும் பெட்டி காத்துல விடணும். நீங்க போத்தி விட்டிருக்கீக. பெட்டி வெந்து, பன்னெண்டும் நேரா ரேடியோவுல ஏறிருச்சு."

போர்த்தியது தோல் உறை. தோல் கடை வைத்திருக்கும் அதே மச்சான் ஆசையாகத் தைத்துக் கொடுத்தது.

"ரேடியோவுக்கும் தோல் உறைதானே பாய்?"

"ரேடியோ இப்படிச் சூடாகுமா?"

"நேத்து வரைக்கும் பாடுச்சே?"

"சத்தத்தைக் குறைச்சு வச்சிருப்பீக. கூட்டுனா கரண்டு கூடும், சூடும் கூடும். அந்தப் பெட்டிக்கும் ஒரு அளவு இருக்குல்ல?"

தலையாட்டிவிட்டு வந்தேன். பாதிதான் புரிந்தது.

சாயங்காலம் மச்சான் வருகிறான். ரேடியோ அவனுடையது, உறையும் அவன் தைத்தது, சத்தத்தைக் கூட்டியது நான்.

யார் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்? தெரிந்தவர்கள் அவன் வருவதற்குள் சொல்லுங்கள்.