மேசை மேல் பெய்த மழை

இப்போதெல்லாம் என் கனவில் வரும் மழை வானத்திலிருந்து பெய்வதில்லை. ஒரு மேசையின் மேல், பூவாளியின் சிறு துளைகள் வழியே, சத்தமில்லாமல் பெய்கிறது. அதன் கீழே ஒரு மலை நனைகிறது. மலையடியில் தீப்பெட்டிகளால் செய்த லயம் ஒன்று, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடு, நிற்கிறது.

அந்த மேசை என் மகளுடையது. மலையிறங்கிப் போனால் ஆற்றங்கரையில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் அவள் விவசாயம் படிக்கிறாள். நான் திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பள்ளிக்கூட வாத்தியார். ஆண்டுக்கொருமுறை அவர்களுடைய விவசாய பீடத்தில் கண்காட்சி நடக்கும். மாணவர்கள் தாங்கள் செய்து பார்த்தவற்றை மேசைகளில் வைப்பார்கள்; மாலையில் பரிசு கொடுப்பார்கள். மண் பிரிவில் முதலாவதாக வருகிறவருக்கு வெள்ளிக் கிண்ணத்தோடு ஒரு வாய்ப்பும் உண்டு. லிந்துலைக்கு மேலே உள்ள ஆராய்ச்சிச் சரிவுகளில் ஒரு மழைக்காலம் முழுவதும் தங்கி, மழை எவ்வளவு மண்ணைக் கொண்டுபோகிறது என்று அளக்கலாம். அவளுக்கு அதுதான் வேண்டும். கிண்ணத்தைப் பற்றி அவள் பேசியதே இல்லை.

எனக்கோ மழைக்காலம் என்றால் ஒரு காலைதான் நினைவு. அந்தக் கண்காட்சிக்கு முந்திய ஆண்டு ஆனி மாதத்து மழையில், எங்கள் லயத்துக்கு மேலே தண்ணீர் ஓடுவதற்காக வெட்டியிருந்த கானை, கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிகளும் சருகும் அடைத்துவிட்டன. போக வழியில்லாத தண்ணீர் மலைக்குள் இறங்கியது. காலையில், எல்லோரும் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம், மலை மெதுவாக, ஏதோ யோசித்துக்கொண்டே வருவதுபோல நகர்ந்து வந்து, கடைசி வீட்டை மூடிக்கொண்டது. உள்ளே இருந்த கணவனும் மனைவியும் வெளியே வரவில்லை. விடுமுறைக்கு வந்திருந்த என் மகள், அவர்கள் வாசலில் ஒரு குடம் தண்ணீரை இறக்கி வைத்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். எங்கள் வீடு லயத்தின் மறுகோடியில் இருந்தது.

அதன் பிறகு அவள் மண்ணைப் படிக்கத் தொடங்கினாள். நான் கானைப் பார்க்கத் தொடங்கினேன். தோட்டத்தில் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். மழை விழுந்ததும் லயத்துக்குப் பின்னால் போய்க் கானில் கிடக்கும் சருகை வாரிவிடுவோம். என்னிடம் அது முற்றிவிட்டது. ஒரு தூறலுக்கே பாடத்தை நிறுத்திவிட்டு மம்பட்டியோடு போய்விடுவேன். பிள்ளைகள் சிலேட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

கண்காட்சிக்குக் கிளம்பிய அன்று மனைவி ரொட்டியும் சம்பலும் கட்டித் தந்தாள்.

"அங்க போயி சும்மா நின்னு பாருங்க. எதையும் தொட்டுத் தொலைக்காதீங்க."

"நான் என்னா சின்னப் புள்ளயா?"

"சின்னப் புள்ளயா இருந்தா பரவால்லயே. சொன்னாக் கேக்கும்."

ரயில் இறங்க இறங்கப் பனி விலகியது. ஆற்றங்கரையில் வெயில் மஞ்சளாக இருந்தது. பீடத்தின் பெரிய கூடத்தில் மேசைகளுக்கிடையே நடந்தபோது, தூக்கத்தில் நடப்பதுபோலவே இருந்தது. கண்ணாடிக் குழாய்களில் நெல் முளைத்திருந்தது. ஒரு கன்றுக்குட்டி கழுத்தில் பூமாலையோடு நின்றது. கடைசியில் என் மகள், வெள்ளைச் சேலையில், தான் செய்த மலைக்குப் பக்கத்தில் நின்றாள்.

சாய்த்து வைத்த மரப்பெட்டியில் எங்கள் தோட்டத்து மண். நடுவே பலகை வைத்து இரண்டாகப் பிரித்திருந்தாள். இடது பக்கத்துக் கான்கள் சுத்தமாக இருந்தன. வலது பக்கத்தில் சருகு திணித்து அடைத்திருந்தாள். அந்தப் பக்கத்து அடிவாரத்தில்தான் தீப்பெட்டி லயம்.

"இந்தப் பக்கம் சரியும்ப்பா. அந்தப் பக்கம் நிக்கும். அதத்தான் காட்டணும்" என்றாள்.

நடுவர்கள் மூன்று பேர் வந்தார்கள். அவள் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டே பூவாளியைச் சாய்த்தாள். நான் வலது பக்கம் நின்றிருந்தேன். தண்ணீர் விழுந்தது. மண் கறுத்தது. அந்த வாசனை, எங்கள் வீட்டுப் பின்புறத்து வாசனை, மேலே வந்தது. கூடம் எங்கோ போய்விட்டது. கானில் சருகு கிடந்தது. தண்ணீர் தேங்கத் தொடங்கியது.

அவ்வளவுதான் தெரியும். தண்ணீர் வழிந்து ஓடிவிட்டது. வலது பக்கத்து மலை, இடது பக்கத்து மலையைப் போலவே, அசையாமல் நின்றது. நடுவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள் என் விரல்களைப் பார்த்தாள். விரல்களில் சேறு; சேற்றில் சருகு.

"வேணும்னே எடுத்தீங்களாப்பா?" குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "நான் அங்க போகக் கூடாதுன்னா?"

"இல்லம்மா. மழ பேஞ்சிச்சு."

அவள் என் முகத்தை வெகுநேரம் பார்த்ததாக எனக்குத் தோன்றியது. நடுவர்கள் அடுத்த மேசைக்கு நகர்ந்தார்கள். அவள் அவர்கள் பின்னால் போய், இன்னொரு முறை காட்ட அனுமதி கேட்டாள். இது யார் என்று மூத்தவர் என்னைக் காட்டிக் கேட்டார். என் தகப்பனார், அந்த லயத்தில் வசிக்கிறவர் என்றாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சரி என்று திரும்பி வந்தார்.

அவள் சருகை மறுபடி கானில் திணித்தாள். பூவாளியை நிரப்பி என்னிடம் நீட்டினாள்.

"நீங்களே ஊத்துங்க. கையி ரெண்டும் இதுல இருக்கட்டும்."

"என்னால முடியாது தாயி."

"நான் பக்கத்துலதான நிக்கிறேன். ஊத்துங்க."

ஊற்றினேன். என் கையிலிருந்தே மழை பெய்தது. தண்ணீர் தேங்கி, மண்ணுக்குள் காணாமல் போனது. சற்று நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு சரிவின் நடுவயிறு உப்பி, மெதுவாக, ஏதோ யோசித்துக்கொண்டே, நகர்ந்தது. கடைசித் தீப்பெட்டியை மூடிக்கொண்டது. பூவாளியில் தண்ணீர் தீர்ந்த பிறகும் நான் அதைச் சாய்த்தபடியே நின்றிருந்தேனாம். அவள்தான் கையிலிருந்து வாங்கி வைத்தாள்.

மாலையில், புல்வெளியில் போட்ட பந்தலின் கீழ் அவளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். கைதட்டல் எனக்கு மழை தகரத்தில் விழுவதுபோலக் கேட்டது. கிண்ணத்தை என் மடியில் வைத்துவிட்டு, "போகட்டுமாப்பா?" என்றாள். ஜெயித்த பிறகும் கேட்டாள்.

"போ" என்றேன். "கானப் பாத்துக்க."

"அதுக்குத்தானே போறேன்."

வீட்டுக்கு வந்ததும் மனைவி கிண்ணத்தை அப்புறம்தான் பார்த்தாள். என் நகக்கண்ணை முதலில் பார்த்தாள்.

"தொட்டீங்களா?"

"தொட்டேன்."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு வெந்நீர் எடுக்கப் போனாள்.

இது வைகாசி. மகள் லிந்துலைக்கு மேலே இருக்கிறாள். அந்தப் பக்கம் கறுத்துவிட்டது; மழை அவளிடம் பெய்துவிட்டுத்தான் எங்களிடம் வரும். பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டை எழுதிப் போட்டுவிட்டு மம்பட்டியை எடுத்துக்கொண்டேன். அவளுடைய சரிவுகளில் இரண்டு வகையும் உண்டு. சிலவற்றில் சருகை வாருவார்கள், சிலவற்றில் வாராமல் விட்டுப் பார்ப்பார்கள். இப்போது அவள் எதன் கீழே நிற்கிறாள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் கானில் சருகு கிடக்கிறது. அதை வாரிக்கொண்டிருக்கிறேன்.