கணக்கில் வராத எடை

நம்ப விருப்பமில்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். போன வருஷம், காரைக்கால் கோவில்பத்துப் பகுதியில், அவள் வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் இளவேனிலுக்கு நடந்தது இது. அவள் சொன்ன நேரங்களைக்கூட மாற்றவில்லை.

இளவேனில் கட்டட டிசைன் எஞ்சினியர். கணவன் அன்பழகன் சைட் எஞ்சினியர். கல்யாணமாகி ஏழு மாதம். திருமலைராயன்பட்டினத்தில் எழும்பியிருந்த பெரிய மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி இருவருக்கும் மூத்த பிள்ளை மாதிரி. கணக்குப் போட்டது அவள், கான்கிரீட் போட்டது அவன். அன்றுதான் முதல்முறையாகத் தண்ணீர் நிரப்பிப் பார்க்கிறார்கள்.

காலையில் எடை மெஷினில் ஏறிவிட்டுக் கிளம்பினான்.

"எழுபத்தொண்ணு! தொட்டிய நான் தண்ணிக்குத்தாங்க டிசைன் பண்ணேன், உங்களுக்கில்ல."

"உன் சமையலையும் கணக்குல சேத்திருக்கணும்டி."

மதியம் 3.10. கம்ப்யூட்டரில் அதே தொட்டியின் மாடலை ஓட்டினாள். தண்ணீர் ஏற ஏற, தூண்கள் எப்படித் தாங்கும் என்று அது காட்டும். முடிந்ததும் அவள் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். மேலே கொடுத்த மொத்த எடையும், கீழே அஸ்திவாரத்துக்கு வந்து சேரும் எடையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கீழே எழுபத்தொரு கிலோ கூடுதலாக இருந்தது.

தன் தப்புதான் என்று நினைத்தாள். அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள். 3.16. அதே எழுபத்தொன்று. எங்கே இருக்கிறது அந்த எடை? தேடினாள். வெளிப்புற ஏணியில்... பத்தாவது மீட்டரில். இன்னொரு முறை ஓட்டினாள். பன்னிரண்டில்.

அந்தக் கம்ப்யூட்டருக்கும் தொட்டிக்கும் ஒரு வயர்கூடத் தொடர்பில்லை.

போன் செய்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"ஏணியில. விரிசல் இருக்கான்னு பாத்துக்கிட்டே ஏறுறேன். சொல்லு."

3.21. அவள் எதையும் தொடவில்லை. எண் தானாக மாறியது. நூற்றுப் பத்தொன்பது. ஏணியில் இப்போது இரண்டு எடைகள். பன்னிரண்டாவது மீட்டரில் எழுபத்தொன்று. இரண்டாவது மீட்டரில்... நாற்பத்தெட்டு.

"உங்க பின்னாடி யாரு வர்றா?"

"யாருமில்லையே. கேட்டைப் பூட்டிட்டுத்தான் ஏறினேன். ஏன்டி?"

நான்காவது மீட்டர்.

"நில்லுங்க! அப்படியே நில்லுங்க!"

அவன் நின்றான்.

அது நிற்கவில்லை.

ஆறு... எட்டு... மாடலை நிறுத்தும் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். போனுக்குள் இரும்புப் படியின் சத்தம். டங்... டங்...

"ஏறாதீங்கன்னு சொல்றேன்ல!"

"நான் நிக்கிறேன், இளா..."

3.24. பன்னிரண்டாவது மீட்டர். ஒரே படியில் நூற்றுப் பத்தொன்பது.

லைன் அறுந்தது.

பதினோரு முறை அழைத்தாள். சுவிட்ச் ஆஃப். நிற்கச் சொன்னது நான்தானே... நான்தானே... வேறெதுவும் அவளுக்கு ஓடவில்லை.

4.50. வாசலில் பைக் சத்தம்.

"சார்ஜ் போயிடுச்சுடி. தொட்டி ஒரு சொட்டு ஒழுகல!" அன்பழகன் சிரித்தான். "வண்டிதான் இழுக்கவே இல்ல. அரசலாத்துப் பாலத்துல ரெண்டு பேர ஏத்திக்கிட்டு வர்ற மாதிரி திணறுது."

அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துப்போய் எடை மெஷினில் நிறுத்தினாள்.

எழுபத்தொன்று.

அவளுக்கு உயிர் வந்தது. அழுதுகொண்டே அவனை இறக்கி அணைத்துக்கொண்டாள். அவன் தோளுக்கு மேலாகக் கீழே பார்த்தாள்.

முள் பூஜ்யத்துக்கு வந்தது.

பிறகு, மெல்ல, மறுபடி ஏறியது...

நாற்பத்தெட்டில் நின்றது.