பையன்கள் அழும் வரிகள்

பதிப்பகத்தில் அவரைக் கத்தரி என்றுதான் கூப்பிடுவார்கள். சிறுவர் கதைப் புத்தகங்களை அச்சுக்குப் போகுமுன் திருத்திக் கொடுப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே மேசை, அதே நீலப் பென்சில். முகத்துக்கு நேரே கத்தரி என்றாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். உள்ளூர அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

பழைய முதலாளி ஒரு சட்டம் வைத்திருந்தார். கதையில் பெண்பிள்ளை அழலாம், நாய்க்குட்டிகூட அழலாம், பையன் மட்டும் அழக்கூடாது. எழுதுகிறவர்கள் 'தேம்பித் தேம்பி அழுதான்' என்று எழுதிக் கொடுத்தால் கத்தரி அதை அடித்துவிட்டுப் 'பல்லைக் கடித்துக்கொண்டான்' என்று போடுவார். தகப்பன் செத்த பையனும் கடித்தான், கிணற்றில் விழுந்தவனும் கடித்தான். இத்தனை கடி கடித்த பையன்களுக்கு வாயில் ஒரு பல்லாவது மிஞ்சியிருக்குமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. புத்தகங்கள் சக்கைப்போடு போட்டன.

வீட்டிலும் ஒரு வழக்கம் இருந்தது. திருத்திய கதை எதுவானாலும் முதலில் மகனுக்கு வாசித்துக் காட்டுவார். அவன் கொட்டாவி விட்ட பக்கம் போச்சு, வெட்டிவிடுவார். மூன்று வயதில் கேட்கத் தொடங்கியவனுக்கு இப்போது பத்து. ஒருமுறை முழங்கால் கிழிந்து ரத்தம் வழிய வந்து நின்றான், வாயே திறக்கவில்லை. சிங்கக்குட்டி என்று முதுகில் தட்டி மெச்சியவர் சாட்சாத் இவர்தான்.

இந்த வருடம் முதலாளியின் மகள் பொறுப்புக்கு வந்தாள். காலம் மாறிப்போச்சு சார், வெட்டின அழுகையை எல்லாம் திருப்பிப் போட்டுப் புதுப்பதிப்பு கொண்டுவரலாம் என்றாள். கத்தரிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பழைய கையெழுத்துப் பிரதிகளின் கட்டைப் பிரித்து உட்கார்ந்தார். நீலக் கோட்டுக்கு அடியில் பையன் மாற்றிப் பையனாக அழுதுகொண்டிருந்தான். முப்பத்தேழு வரை எண்ணினார். அதற்கு மேல் எண்ணப் பயமாக இருந்தது.

வீட்டில் மகன் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. உடம்பு சுட்டது. நடக்கும்போது வலது பக்கமாகக் கொஞ்சம் குனிந்தே நடந்தான். வலிக்குதா என்று அம்மா கேட்டால் இல்லை என்பான். அந்த 'இல்லை'யை அந்த வீட்டில் யாரும் சந்தேகப்பட்டது கிடையாது. காய்ச்சல் மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தார்கள். அச்சில் ஒற்றைப் புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிற மனுஷன், என்னத்தைச் சொல்ல.

அன்று சாயங்காலம் கட்டிலருகே உட்கார்ந்து, திருப்பிப் போட்ட முதல் கதையை வாசித்தார். மரத்திலிருந்து விழுந்து கை முறிந்த பையன் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுகிற இடம். மகன் சுவர்ப்பக்கம் ஒருக்களித்து, கால்களை மடக்கிக்கொண்டு படுத்திருந்தான்.

"அவன் அழமாட்டான்ப்பா. நீங்க தப்பாப் படிக்கிறீங்க."

முதலில் எழுதியது இதுதான், அப்பாதான் மாற்றிவிட்டேன் என்று சொன்னார். மகன் திரும்பிப் பார்த்தான். மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது.

"அப்போ அவனுக்கு வலிச்சுதா?"

வலிக்காமல் இருக்குமா என்றார். அவன் மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டான். உனக்கு எங்கேயாவது வலிக்கிறதா என்று கேட்டார், அதே இல்லைதான் வந்தது. அவருக்கு என்னவோ போலிருந்தது. காலையில் டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் காகிதங்களை அடுக்கி வைத்தார்.

காலையில் மகன் தானாகவே எழுந்து உட்கார்ந்தான். மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது, இனி டாக்டர் எதற்கு என்றாள். கத்தரிக்கு மனசு கேட்கவில்லை, கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

டாக்டரம்மா வயிற்றை அங்கங்கே அழுத்திப் பார்த்தார். பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. வலிக்குதா என்று கேட்டதற்குப் பையன் இல்லையென்று தலையாட்டினான்.

"அவன் சொல்றத நம்பாதீங்க டாக்டர்," என்றார் கத்தரி. "வலிச்சாலும் சொல்ல மாட்டான். அப்படித்தான் வளத்து வச்சிருக்கேன்."

மகன் அவர் பக்கம் திரும்பினான்.

"வலிச்சுதுப்பா. நாலு நாளா ரொம்ப வலிச்சுது. விடியக்காலையிலதான் சட்டுனு நின்னுபோச்சு. இப்ப நிஜமாவே இல்ல."

அப்பாடா என்றிருந்தது கத்தரிக்கு. ஒருவழியாகப் பிள்ளை உண்மையைச் சொல்லிவிட்டான். சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவர் டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தார். அந்த அம்மா கையை எடுத்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டு, ஆபரேஷன் தியேட்டரை உடனே தயார் பண்ணச் சொன்னார். குடல்வால் வெடித்திருக்க வேண்டும், வலி சட்டென்று நின்றது நல்லதுக்கில்லை, இரண்டு நாள் முன்னால் வந்திருக்கலாம் என்றார்.

தள்ளுவண்டி கூடத்தைத் தாண்டிப் போனது. கத்தரி அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். கண்ணு, அழுதுடுடா, பயமா இருந்தா அழுடா என்று கெஞ்சினார். அவர் கண்ணிலிருந்துதான் கொட்டியது. காத்திருந்த சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது.

மகன் அவர் கையைக் கம்பியிலிருந்து மெதுவாக விலக்கினான்.

"அழாதீங்கப்பா. எல்லாரும் பாக்குறாங்க," என்று சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.